தருமிக்கு ஒரு பொத்தான்

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரைப் பற்றி 2019-லேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதில் லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை ஏற்றி, கோடி என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் டிவிக்கு வீடியோ பெட்டி தயார் என்பதும் பழைய சேதி. நான் சொல்ல வந்தது அதில் செருகிய நம்பர் பேடைப் பற்றி. கணக்கு எழுதுபவர்கள் லேப்டாப் பக்கத்தில் வைத்திருப்பார்களே, அதேதான்.

பெரியப்பா நெய்வேலி முதல் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டியவர். மூன்று ஷிப்டும் நிற்காமல் மண் அள்ளும் ராட்சச இயந்திரம் அது. இப்போது டவுன்ஷிப்பில் மகனின் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் படிப்பும் போயின; மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பல பேருக்கு இவை சேர்ந்தேதான் போகின்றன. முகம் தெரியும், பாட்டு தெரியும். ரிமோட்டில் இருக்கும் எழுத்தெல்லாம் அவருக்கு எறும்பு வரிசை.

வீட்டு ஸ்மார்ட் டிவியோ வாய் ஓயாமல் கேள்வி கேட்கும் ஜாதி. யார் பார்க்கிறீர்கள்? அப்டேட் போடலாமா? இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா? பதில் சொல்ல வார்த்தையில்லாத மனிதரிடம் இத்தனை விசாரணை எதற்கு? மகன் ஷிப்டுக்குக் கிளம்பினால் டிவியும் ஓய்ந்துவிடும்.

கோடியில் எந்தப் பொத்தானுக்கு எந்தப் படம் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடலாம். பொத்தானுக்கு ஒரு வரி. அழுத்தினால் படம் ஓடும், மெனு கிடையாது. ‘விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா’ என்று அதுவும் கேட்கும்தான். நல்லவேளை, அதன் வாயை அடைக்க வழி உண்டு. படங்களுக்குப் பஞ்சமில்லை. மோசர் பேர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில் பெரியப்பா அலமாரி நிறைய வாங்கி வைத்திருந்தார்.

பொத்தான்களில் படம் ஒட்டினேன். நகத்தளவில் எல்லா முகமும் ஒரே மாதிரி என்பதால் ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு நாதஸ்வரம், ‘கர்ண’னுக்குத் தேர், ‘ஆயிரத்தில் ஒருவ’னுக்குக் கப்பல். ‘திருவிளையாட’லைப் போட்டால் பெரியப்பா காத்திருப்பது நாகேஷின் தருமிக்காக மட்டும். அந்தக் காட்சியைத் தனியே வெட்டி, இருப்பதிலேயே பெரிய எண்டர் பொத்தானில் வைத்தேன். “தம்பி, காப்பி போடுறதுக்கு முன்னாடியே நாகேஷ் வந்துடுறான். எனக்கே வசனம் மனப்பாடம் ஆயிடுச்சு” என்கிறார் பெரியம்மா. புகாரா பெருமையா என்று கேட்கவில்லை.

குறை ஒன்று உண்டு: நம் லாக். 1981-ல் வந்த ஐபிஎம் பிசி கீபோர்டில் அம்புக்குறிகளுக்குத் தனி இடமில்லை, எண்களோடு பங்குபோட வைத்தார்கள். சில வருஷத்தில் அம்புகள் தனிக்குடித்தனம் போய்விட்டன. நம் லாக் மட்டும் காலி செய்ய மறுக்கிறது. அதுவும் இடது மேல் மூலையில், பெரியப்பாவின் இடது கை முதலில் போய் விழும் இடத்தில். பட்டுவிட்டால் தேர், கப்பல் எல்லாம் அம்புக்குறியாகிவிடும். ஸ்க்ரூடிரைவரால் அந்தப் பொத்தானை நெம்பி எடுத்து, பள்ளத்தை டேப்பால் மூடினேன். பேடை உடைத்தால்தான் பேடு உருப்படுகிறது!

மற்றவை சில்லறை. பை 4-இல் பவர் பொத்தான் இல்லை, இரவில் பெரியம்மா சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவார். லிப்ரெஎலெக்கின் ஆதாரப் பகுதி எழுத முடியாதபடி பூட்டியிருப்பதால் இதுவரை தாக்குப்பிடிக்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் எச்டிஎம்ஐ-சிஇசி வழியாக டிவியும் எழுந்துகொள்கிறது. டிவி மெனுவில் அந்தப் பெயரைத் தேடாதீர்கள். சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒரே வசதிக்கு எதற்கு இத்தனை பெயர்சூட்டு விழா?

பேடு வாங்கினால் வயர் உள்ளதையே வாங்குங்கள். வயர்லெஸ்ஸில் பேட்டரி தீர்ந்தால், அதைப் பெரியப்பா யாரிடம் எப்படிச் சொல்வார்?