மீட்கப்பட்ட விடுதியும் புனையப்பட்ட மரபும்

மரபுக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும்பொழுது எக்காலத்தை மீட்கிறோம் என்னும் வினா எழுகின்றது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வின்ஸ்லோ நகரிலுள்ள லா பொசாடா இவ்வினாவுக்குத் தக்க சான்றாகும். சாண்டா ஃபே இரயில் பாதையையொட்டி, ஹார்வி நிறுவனத்துக்காக மேரி கோல்ட்டர் வடிவமைத்த இவ்விடுதி 1930இல் திறக்கப்பெற்று 1957இல் மூடப்பட்டது.

கோல்ட்டர் கட்டியது விடுதி மட்டுமன்று. ஒரு கதையும் ஆகும். செல்வமிக்க ஸ்பானிய நிலக்கிழார் குடும்பமொன்று தலைமுறைதோறும் வாழ்ந்து விரிவாக்கிய மாளிகை எனக் கற்பனை செய்து, புத்தம் புதிய சுவர்களுக்கு அவர் முதுமை பூசினார். அங்ஙனமாயின், 1997 முதல் ஆலன் அஃபெல்ட் முதலியோர் மீட்டது வரலாற்றையா, புனைவையா? புனைவையே என்பது நம் துணிபு. எனினும் அதனைக் குறையாக நாம் கருதவில்லை. ஓவியர் டீனா மியோனின் இக்கால ஓவியங்கள் அங்குத் தொங்குவதும், பயணியர் அவ்வளாகத்திலேயே இரயிலேறுவதும் விடுதியை அருங்காட்சியகமாக உறையவிடாமல் காக்கின்றன.

குறை வேறிடத்தில் உள்ளது. உணவு பரிமாறிய 'ஹார்வி பெண்கள்' 1946ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் புகழ்பெற்றனர். இருப்புப்பாதைப் பணிக்கு வந்து அந்நகரில் குடியிருந்த லகுனா பழங்குடியினர்க்கோ அப்புகழ் வாய்க்கவில்லை.

இஃது அயலார் சிக்கல் என நாம் ஒதுங்குதற்கில்லை. 1910இல் திறக்கப்பெற்ற கோலாலம்பூர் நிலையத்தின் குவிமாடங்களைப் பேசுவோர் கட்டடக் கலைஞர் ஹபக்கின் பெயரைத் தவறாது குறிப்பர். தண்டவாளம் பதித்த தமிழ்த் தொழிலாளர் ஒருவரின் பெயரையேனும் அத்தகைய பேச்சில் நாம் கேட்டதில்லை.