மத்தி இல்லாத மீன் கணக்கு

அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு அதிகம் என்று தெரிந்ததும் டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னார். எண்ணெயைக் குறைங்க, வாரம் ரெண்டு நாள் கடல் மீன் சாப்பிடுங்க. நான் மார்க்கெட்டுக்குப் போயிருக்கணும். பழக்க தோஷம், லேப்டாப்பைத் திறந்தேன்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் (எஃப்.ஏ.ஓ.) நாடுவாரியாக உணவு இருப்புக் கணக்கு வெளியிடுகிறது. 1961இலிருந்து இருக்கிறது. அதில் இந்தியா, ‘கடல் மீன், பிற’, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்ற வரிசையை எடுத்து ஒரு வரைபடம் போட்டேன். ‘இந்தியர்கள் கடல் மீனிலிருந்து பெறும் கொழுப்பு’ என்று தலைப்பு வைத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “ஒரு கிராம்கூட இல்லையேடா, இதுக்கா வாரம் ரெண்டு நாள்?” என்றார். ரெண்டு வாரம் வீட்டில் மீனே வாங்கவில்லை.

தப்பு அப்பா மேல் இல்லை. என் தலைப்பில் ஒரு வார்த்தைகூடத் தேறாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ‘கடல் மீன்’. இந்தக் கணக்கு மீன்களைப் பல கூடைகளாகப் பிரிக்கிறது. நன்னீர் மீன் ஒன்று, கடலின் அடிப்பகுதியில் வாழ்பவை ஒன்று, மேல்பரப்பில் கூட்டமாகத் திரிபவை ஒன்று. இவற்றில் சேராத கடல் மீன்களுக்கு ‘கடல் மீன், பிற’. அதாவது மிச்சக் கூடை. மத்தி (தெற்கே சாளை), கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாம் மேல்பரப்புக் கூடையில் போய்விடுகின்றன. நம் கடலில் கொழுப்புக்குப் பேர்போன மீன் மத்தி. அதை வெளியே வைத்துவிட்டு நான் மீன் கொழுப்பைத் தேடியிருக்கிறேன்!

அடுத்து ‘கொழுப்பு’. யாரும் மீனைச் சோதித்து வருடாவருடம் இதை அளப்பதில்லை. டன் கணக்கை, அட்டவணையில் உள்ள ஒரு சத்து அளவால் பெருக்குகிறார்கள். ஆக, கொழுப்பு வரைபடம் என்பது டன் வரைபடம்தான், சட்டை மட்டும் வேற. ஆனால் மத்தியின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். மெலிந்த காலத்தில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கும் கீழே போகும், கொழுத்த காலத்தில் 10ஐத் தாண்டும். மீன் வரத்தும் நிலையாக இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, கேரளத்தில் 2012இல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் சுமார் 3,300 டன்தான். அந்த இடத்தைக் கொழுப்பு குறைந்த வேறு மீன் நிரப்பினால் மொத்த டன் கணக்கில் இது பெரிதாகத் தெரியாது. இன்னொன்று, டாக்டர் மீன் சாப்பிடச் சொன்னது ஒமேகா-3க்காக. இந்தப் பத்தியில் மீன் கொழுப்பும் பாமாயிலும் ஒன்றுதான், எல்லாம் வெறும் கிராம்.

மூன்றாவது ‘பெறும்’. இது வழங்கல் கணக்கு. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, தீவனம் போன்றவற்றைக் கழித்து, மக்கள்தொகையால் வகுப்பது. தட்டில் விழுந்தது எவ்வளவு என்பது அதில் வராது. அடிப்படை எண்ணிலேயே இழுபறி இருக்கிறது. 2022-23இல் கடல் மீன் உற்பத்தி 44.32 லட்சம் டன் என்கிறது மத்திய அரசின் மீன்வளத் துறை. 2022இல் பிடிபட்டது 34.9 லட்சம் டன் என்கிறது மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனம். நிதியாண்டு, நாட்காட்டி ஆண்டு வித்தியாசம் இருக்கட்டும், 9 லட்சம் டன் சின்ன விஷயமா? போதாக்குறைக்கு எஃப்.ஏ.ஓ.வின் பழைய முறை வரிசை 2013இல் முடிகிறது, புதிய முறை 2010இலிருந்து தொடங்குகிறது. ரெண்டையும் ஒட்டி ஒரே கோடாக இழுத்தது நான்தான்.

கடைசியாக ‘இந்தியர்கள்’. 35 லட்சம் டன்னை 140 கோடிப் பேருக்குப் பங்கு வைத்தால் வருடத்துக்கு 2.5 கிலோ, நாளைக்கு சுமார் 7 கிராம். தோராயமாக 3 சதவீதம் கொழுப்பு என்று நான் வைத்துக்கொண்டேன். எல்லாக் கூடையையும் சேர்த்தே 0.2 கிராம்தான் வருகிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் அளவு சேர மூணு வாரம் ஆகும்! ஆனால் இந்த 0.2 கிராம் இந்தியர் எந்த ஊரில் இருக்கிறார்? கேரளக் கடற்கரையிலும் இல்லை, ராஜஸ்தானிலும் இல்லை. எங்க ஆரணியில் நெய்யும் பட்டுப்புடவையை ஊர் மக்கள்தொகையால் வகுத்தாலும் ஒரு எண் வரும். தறியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டு பீரோவில் எத்தனை பட்டு இருக்கிறது என்று அது சொல்லாது.

எஃப்.ஏ.ஓ. கணக்கு வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டில் மொத்த உணவு எப்படி மாறியது, தானியம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று பார்க்க அதைவிட நீண்ட வரிசை கிடைப்பது கஷ்டம். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டை முடிவு செய்ய அது போடப்படவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவிடம் இப்படிச் சொன்னேன்: “கொழுத்த மத்தி 100 கிராம் சாப்பிட்டா 10 கிராம் கொழுப்புப்பா. அந்த சராசரி ஆளோட 50 நாள் கணக்கு ஒரே வேளையில முடிஞ்சுடும்.” இந்தத் தடவை தலையாட்டினார்.

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. “அதெல்லாம் சரிடா, இப்ப மத்தி வருதா, என்ன விலை?” கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிற நம் ஊருக்கு எல்லாக் கடல் மீனும் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் வரத்து சுருங்கும். வருட சராசரியில் இந்த 61 நாள் தெரியாது, அம்மாவின் பர்ஸில் தெரியும்.

வரைபடத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது ஒரு நோட்டில் தேதி, மீன், விலை மூன்றையும் எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தி கிடைத்தது. வறுத்தால் டாக்டர் சொன்ன முதல் விஷயம் கெட்டுவிடும் என்று அம்மா குழம்பு வைத்துவிட்டார்.