டொஸ் பஸோசின் 'யூ.எஸ்.ஏ.' நாவல்களில் வரலாறும் மனிதரும்

வரலாற்றாசிரியன் ஒரு காலப்பகுதியைப் போர்களாலும் ஒப்பந்தங்களாலும் தேர்தல்களாலும் அளந்து தருகின்றான். அதே காலப்பகுதியைச் சம்பளத்தாலும் வாடகையாலும் வேலை தேடி அலைந்த தெருக்களாலும் அளந்து காட்டும் பொறுப்பு நாவலாசிரியனைச் சார்ந்தது. இவ்விரு அளவைகளையும் ஒரே நூலுக்குள் இணைத்துவிட முயன்றவர் அமெரிக்க எழுத்தாளரான ஜோன் டொஸ் பஸோஸ் (1896–1970). 1930இல் 'நாற்பத்திரண்டாம் அகலக்கோடு', 1932இல் '1919', 1936இல் 'பெரும் பணம்' என வெளிவந்து, 1938இல் 'யூ.எஸ்.ஏ.' என்னும் பொதுத் தலைப்பின்கீழ் ஒன்றாக்கப்பட்ட அவரது மூன்று நாவல்களும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியை ஒட்டிய காலம் வரையிலான அமெரிக்க வாழ்வைப் பொருளாகக் கொண்டவை. அவை எழுதப்பட்ட காலமோ பெருமந்தக் காலம். 1933இல் அந்நாட்டின் தொழிலாளரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வேலையற்றிருந்தனர். 1930க்கும் 1933க்கும் இடையில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. வறுமைக் காலத்தில் நின்றுகொண்டு செழிப்புக் காலத்தைத் திரும்பிப் பார்த்த ஒருவரின் படைப்புக்கள் இவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நாவல்களைப் பற்றிப் பேசியோர் பெரும்பாலும் அவற்றின் உத்தியைப் பற்றியே பேசினர். பன்னிரண்டு கற்பனைப் பாத்திரங்களின் கதைகள். பத்திரிகைத் தலைப்புக்களையும் பாட்டுத் துணுக்குகளையும் வெட்டி ஒட்டிய 68 'செய்திச் சுருள்கள்'. ஆசிரியரின் சொந்த நினைவுகள் நனவோடையாக வரும் 51 'கமராக் கண்' பகுதிகள். இவற்றினிடையே உண்மையான மனிதரின் சுருக்கமான வாழ்க்கைச் சித்திரங்கள். இந்நான்கும் மாறி மாறி வருகின்றன. உத்தி புதுமையானதுதான். ஆயினும், எதற்காக இந்த உத்தி என்ற வினாவை எழுப்பாது அதனை வியந்து நிற்பது விமர்சனம் ஆகாது.

முதல் நாவலில் ஜே. வார்ட் மூர்ஹவுஸ் என்றொரு பாத்திரம் வருகின்றது. அமெரிக்கச் சுதந்திர தினமான யூலை 4இல் பிறந்தவன் அவன் என்பதை ஆசிரியர் கேலியாகவே குறிப்பிடுகின்றார். நல்ல குடும்பத்துப் பெண்ணை மணந்தும் நல்ல ஆங்கிலம் பேசியும் மேலே வரும் இவனது தொழில் பொருள் செய்வதும் அன்று, விற்பதும் அன்று. பொதுசனத் தொடர்பு என்னும் பெயரில், பெரிய கொம்பனிகளின் செயல்களுக்கு இனிய சொற்களைத் தேடிக் கொடுப்பது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நல்லுறவை ஏற்படுத்துவதாக இவன் கூறிக்கொள்கின்றான். கூலியை முதலாளியிடமே பெறுகின்றான். போர் வந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரசாரகனாகப் பாரிசுக்குச் செல்கின்றான். ஹாவார்ட் சர்வகலாசாலையில் கவிதை எழுதிக்கொண்டிருந்த றிச்சார்ட் சவேஜ், போரை வெறுத்துக் கடிதம் எழுதியமையால் அம்புலன்ஸ் சேவையிலிருந்து விலக்கப்பட்டவன், ஈற்றில் மூர்ஹவுசின் அலுவலகத்துக்கே எழுத்தனாக வந்து சேர்கின்றான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதல் நாவலின் தொடக்கத்தில், மக் என்னும் ஏழைச் சிறுவனை வேலைக்கு அமர்த்தி ஊர் ஊராகப் புத்தகம் விற்று ஏமாற்றித் திரியும் பிங்ஹம் என்ற போலி மனிதன், மூன்றாம் நாவலில் பேரளவில் மருந்து விற்கும் செல்வனாகத் திரும்பி வருகின்றான். அவனது விளம்பரத்தை எழுதித் தருபவர்கள் மூர்ஹவுசும் சவேஜும்தாம். தெருவோர ஏமாற்று நாட்டின் பெருந்தொழிலாக வளர்ந்த கதை இது. ஆசிரியர் இதனை விளக்கவில்லை. அதே மனிதனை மீண்டும் கொண்டுவந்து நிறுத்துவதோடு விட்டுவிடுகின்றார்.

சொற்கள் எவ்வாறு கூலிக்கு அமர்த்தப்படுகின்றன என்பதே மூன்று நாவல்களையும் இணைக்கும் பொருள் எனலாம். 'செய்திச் சுருள்' வெறும் உத்தி அன்று என்பதும் இவ்விடத்திலேயே புலப்படும். நாட்டைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர் என்ற பெயருடன் 1916இல் மீண்டும் தெரிவான வில்சன், 1917 ஏப்ரலில் நாட்டைப் போருக்குள் கொண்டுசென்றார். அப்போரைப் பகிரங்கமாகக் கண்டித்த சோசலிசத் தலைவர் யூஜீன் டெப்ஸ் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1920ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலில் சிறைக்குள் இருந்தவாறே ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். ஜனநாயகம் என்ற ஒரே சொல்லின் பெயரால் ஒருவர் வெள்ளை மாளிகையிலும் மற்றவர் சிறையிலும் இருந்த காலம் அது.

'1919' என்னும் நாவலின் இறுதிப் பகுதி முழுத் தொகுதியிலும் சிறந்த பகுதி எனத் துணிந்து கூறலாம். பிரான்சில் மடிந்த, பெயர் அறியப்படாத அமெரிக்கச் சிப்பாய் ஒருவனின் உடல் 1921 நவம்பர் 11இல் ஆர்லிங்டன் மயானத்தில் அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. அந்த உடல் யாருடையதாக இருந்திருக்கலாம், எந்த ஊரிற் பிறந்து எத்தகைய வேலைகளைச் செய்திருக்கலாம் என்று ஆசிரியர் அடுக்கிச் செல்கின்றார். அதனிடையே அரசின் சடங்கு மொழி குறுக்கிட்டுக்கொண்டே இருக்கின்றது. அந்நாவல் வெளிவந்த அதே 1932இல் நிகழ்ந்தது ஒன்றை இதனருகே வைத்து நோக்கலாம். போரிற் சேவை செய்தோருக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களித்த ஊக்கப் பணம் 1945இலேயே வழங்கப்பட இருந்தது. பட்டினி அதுவரை காத்திருக்கவில்லை. அப்பணத்தை உடனே தருமாறு கேட்டு வாஷிங்டனில் குடிசையிட்டுத் தங்கிய பல்லாயிரம் முன்னாட் சிப்பாய்களை, யூலை 28இல் ஜெனரல் மக்ஆர்தரின் படை கண்ணீர்ப் புகையாலும் குதிரைப் படையாலும் விரட்டிக் குடிசைகளை எரித்தது. பெயர் தெரியாதவனுக்குப் பளிங்குக் கல்லறை. பெயர் தெரிந்தவர்களுக்குக் கண்ணீர்ப் புகை.

இவ்வளவு வன்மையாக வரலாற்றைக் காட்டிய நாவலாசிரியர், அவ்வரலாற்றுக்குள் வாழ்ந்த மனிதரை எவ்வாறு காட்டினார் என்பதே அடுத்து எழும் வினா. அச்சுத் தொழிலாளியான மக், புரட்சியில் ஈடுபாடு கொண்டு மனைவி மக்களை விட்டு மெக்சிக்கோ செல்கின்றான்; அங்கே புத்தகக் கடைக்காரனாக அமைதியடைகின்றான். மாலுமியான ஜோ வில்லியம்ஸ் துறைமுகம் துறைமுகமாக அடிபட்டு, போர் ஓய்ந்த இரவில் பிரெஞ்சு மதுக்கடைச் சண்டையில் போத்தலால் அடியுண்டு சாகின்றான். விமான யந்திரங்களை நேசித்த சார்லி அண்டர்சன் பங்குச் சந்தையிற் பணம் பெருக்கிக் குடித்துக் கெட்டு, கார் புகைவண்டியில் மோதிய விபத்தின் விளைவாக இறக்கின்றான். இவர்களுள் எவரும் ஒன்றைத் தீர ஆலோசித்துத் தேர்ந்து அதன்வழி நிற்பவரல்லர். நீரில் மிதக்கும் துரும்புகள் போல இழுபடுகின்றனர். தொழிலாளர் நிவாரண வேலையிலும் சக்கோ, வன்செட்டி ஆகியோரைக் காப்பாற்றும் முயற்சியிலும் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் மேரி பிரெஞ்ச் ஒருத்தியே ஓரளவு விலக்கு. அவளையும் களைப்பாகவே ஆசிரியர் காண்கின்றார்.

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் நன்கு பழகிய இயற்பண்புவாதம், யதார்த்தவாதம் என்னும் வேறுபாடு இவ்விடத்திற் பயன்படும். உள்ளதை உள்ளவாறு பதிவு செய்வது முன்னையது. உள்ளதனுள் இயங்கும் முரண்பாட்டையும் அதிற் செயற்படும் மனிதனையும் காண்பது பின்னையது. வியப்பு யாதெனில், இந்நாவல்களில் யதார்த்தம் கற்பனைக் கதைகளிலன்றி வாழ்க்கைச் சித்திரங்களிலேயே உயிர் பெறுகின்றது. சிறைக்கு அஞ்சாத டெப்ஸ், பாட்டெழுதிச் சுடப்பட்டு மாண்ட ஜோ ஹில், போர்வெறியை எதிர்த்துத் தனித்து நின்ற றண்டோல்ப் போர்ன் ஆகியோருக்கு விருப்பும் முடிவும் செயலும் உண்டு. உண்மை மனிதருக்கு அளித்த இச்சுதந்திரத்தைத் தாம் படைத்த மனிதருக்கு ஆசிரியர் அளிக்க மறுத்தார். பாத்திரங்களின் அக வாழ்வே பத்திரிகை அறிக்கைபோல ஒலிக்கும் இப்பண்பை 1938இல் எழுதிய சார்த்தர் பெரிதும் போற்றினார். முதலாளித்துவச் சமுதாயம் மனிதனை எவ்வாறு வெறுமையாக்குகின்றது என்பதை அது உணர்த்துகின்றது என்பது உண்மையே. ஆனால் முற்றாக வெறுமையாகிவிட்டவனுக்கு இழப்பதற்கு ஏதுமில்லை. அவனது வீழ்ச்சி வாசகனையும் உலுக்குவதில்லை.

பிறிதொரு குறை இன்னும் பாரதூரமானது. பன்னிரண்டு முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவரேனும் கறுப்பினத்தவரல்லர். வாழ்க்கைச் சித்திரம் பெற்றோருள்ளும் அவ்வினத்தார் இல்லை. 1919ஆம் ஆண்டு கோடையில் சிக்காகோவில் மூண்ட இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பர். அவ்வாண்டையே பெயராகக் கொண்ட நாவலின் முதன்மைப் பாத்திரம் எதனது வாழ்வையும் அந்நிகழ்ச்சி தொடவில்லை. நாட்டின் பெயரையே தலைப்பாகச் சூடிய ஒரு படைப்பில் இதனைச் சிறு தவறென்று தள்ளிவிடல் ஆகாது.

டொஸ் பஸோஸ் பின்னர் இடதுசாரிகளிடமிருந்து விலகியதையும், 1964இல் வலதுசாரியான கோல்ட்வாட்டரை ஆதரித்ததையும் கொண்டு இந்நாவல்களை இழித்துரைப்போர் உண்டு. 1937இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது அவரது நண்பரான ஹொசே றொபிள்ஸ் குடியரசுத் தரப்பின் பிடியிற் கொல்லப்பட்டமை அவரை எவ்வளவு பாதித்தது என்பதை அறிந்தோர் அத்தகைய எளிய தீர்ப்பை வழங்கமாட்டார். ஆயினும் அவரது நம்பிக்கையின்மைக்கான வித்து ஸ்பெயினில் மட்டும் விழுந்ததன்று. தாம் நேசித்த மக்களைச் செயலற்றவராகவே கண்ட அவரது கலைப் பார்வையிலும் அது முன்னரே இருந்தது. சார்லி அண்டர்சனின் நண்பனான பில் செர்மாக் என்னும் யந்திரத் தொழிலாளி, வேகத்தைக் கூட்டிக் கசக்கிப் பிழியும் தொழிற்சாலை முறையைப் பற்றி முறையிடுகின்றான். சார்லியுடன் சென்ற பரீட்சார்த்தப் பறப்பில் விமானம் விழுந்து சாகின்றான். நாவல் அவனுக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவே. 'பெரும் பணம்' வெளிவந்து சில மாதங்களுள், 1936 டிசம்பர் 30இல், மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரின் ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலைகளில் தொழிலாளர் யந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியேறாது உள்ளேயே அமர்ந்துகொண்டனர். சன்னல்கள் வழியாக அவர்களுக்கு உணவு கொடுக்கப்பட்டது. நாற்பத்து நான்கு நாட்களின் பின், 1937 பெப்ரவரி 11இல், கொம்பனி அவர்களது சங்கத்தை ஏற்றுக் கையொப்பமிட்டது.