நாட்காட்டித் தாளின் பின்பக்கமும் குழந்தையின் வயிறும்

தமிழ்நாட்டில் மருத்துவ நூல் நுழையாத வீடுகள் பல உண்டு. தினசரி நாட்காட்டி தொங்காத வீடு அரிது. தாளின் முன்பக்கத்தில் கிழமை, திதி, இராகு காலம். பின்பக்கத்தில் பொன்மொழி, சமையற் குறிப்பு, பாட்டி வைத்தியம். காலையில் தாளைக் கிழிப்பவர் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கசக்கிப் போடுகிறார். பயன்படும் என்று தோன்றினால் அடுப்படி டப்பாவுக்குள் செருகி வைக்கிறார்.

இந்த நாட்காட்டிகளுள் மிகப் பல அச்சாவது சிவகாசியில். அதனை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு நடுவே வாழ்கிறவர்கள் நாங்கள். எனவே எங்கள் பக்கத்தில் அச்சாகி எல்லா ஊர்களுக்கும் செல்லும் ஒருவகை எழுத்தை நாங்களே திறனாய்வது தகும். எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றே: சிறு குழந்தைகளின் மலச்சிக்கல். எந்தவோர் அச்சகத்தின் தாளையும் சுட்டிக் குறை கூறுவது நோக்கமன்று. பல தாள்களில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரையையே ஆராய்கிறோம்.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் குடலில் நீர் எந்தத் திசையில் செல்கிறது, ஒரு குழாய் விரிந்தால் என்ன நேர்கிறது என்பன இயற்பியலும் கேட்கும் கேள்விகளே.

நிறையை முதலில் கூறுவோம்

இக்குறிப்புகள் எளிய தமிழில் எழுதப்படுகின்றன. நான்கு வரிக்குள் முடிகின்றன. கீரை, கொய்யா, தண்ணீர் ஆகியவற்றைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. மலச்சிக்கலைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் குடும்பத்தில் அச்சொல்லைக் கூடத்துச் சுவருக்கே கொண்டுவருவதும் ஒரு தொண்டுதான்.

குறை எங்கே உள்ளது? மருந்தின் பெயர் இருக்கும், வயது இராது. எத்தனை நாள் என்பது இராது. எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதும் இராது. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வயிற்றை ஒருமுறை 'சுத்தம்' செய்துவிட்டால் நோய் தீர்ந்தது என்னும் கருத்தே அது. பிற குறைகள் அனைத்தும் இதிலிருந்து பிறக்கின்றன.

'சுத்தம்' என்னும் கருத்து

குடலில் தேங்கும் அழுக்கு இரத்தத்தில் கலந்து உடலைக் கெடுக்கிறது என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய மருத்துவர்களே இதனை நம்பினர். 1906இல் அமெரிக்காவில் மாக்ஸ் கிஸ் என்னும் மருந்தாளர் ஒரு பேதி மருந்தைச் சாக்லேட்டில் கலந்து விற்கத் தொடங்கினார். அம்மருந்து வேறொன்றுமில்லை, நம் மாணவர்கள் வேதியியல் ஆய்வகத்தில் காரத்தைக் காணப் பயன்படுத்தும் பினால்ப்தலீன்தான்! விலங்குகளில் அது புற்றுநோயைத் தோற்றுவிப்பது தெரிந்ததால், 1990களின் இறுதியில் அமெரிக்காவில் கைவிடப்பட்டது.

'நச்சு' கருத்தை 1919இலேயே வால்ட்டர் ஆல்வரெஸ் என்னும் மருத்துவர் கேள்விக்குள்ளாக்கினார். அவருடைய தருக்கம் எளிது. மலம் கழித்தவுடனே தலைவலியும் சோர்வும் நீங்குகின்றன. நச்சு இரத்தத்தில் கலந்திருந்தால் இவ்வளவு விரைவில் நீங்குமா? ஆகவே மலக்குடல் விரிந்து இழுபடுவதுதான் தொல்லைக்குக் காரணம் என்றார் அவர். 1922இல் டொனால்ட்சன் என்பவர் நலமாயிருந்தவர்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்துச் சோதித்தார். அதே தொல்லைகள் தோன்றின. பஞ்சில் ஏது நச்சு?

நூறாண்டுக்கு முன்பே ஆட்டம் கண்ட கருத்து நம் நாட்காட்டித் தாளில் இன்னும் வாழ்கிறது.

உண்மையில் நடப்பது என்ன?

குழந்தைகளின் மலச்சிக்கலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு உடலில் வேறு நோய் எதுவும் காரணமன்று. தொடக்கம் மிகச் சிறியது. ஒருநாள் மலம் கெட்டியாகப் போகிறது, ஆசனவாயில் சிறு வெடிப்பு உண்டாகிறது, வலிக்கிறது. மறுநாள் உணர்வு வரும்போது குழந்தை அவ்வலியை நினைத்து அடக்கிக்கொள்கிறது. கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, கதவு மூலையில் முகம் சிவக்க நிற்கும். முக்குகிறது என்று பெரியவர்கள் எண்ணுவர். உண்மையில் அது வெளியே விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. பெருங்குடல் நீரை உறிஞ்சும் உறுப்பு. வளர்ந்தவர் ஒருவரின் பெருங்குடலுக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் வந்து சேர்கிறது; மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். மலம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு காய்கிறது. இன்று அடக்கியது நாளை மேலும் கெட்டி. நாளை மேலும் வலி. வலியால் மேலும் அடக்கம். வட்டம் மூடிக்கொள்கிறது.

நாட்கள் செல்லச் செல்ல மலக்குடல் விரிகிறது. பலமுறை ஊதிய பலூன் தளர்ந்துவிடுவதை அறிவோம். தளர்ந்த பையில் பழைய அளவு பொருள் வந்தால் சுவரில் போதிய இழுவிசை எழுவதில்லை; உணர்வும் எழுவதில்லை. 'போக வேண்டும்' என்ற செய்தியே குழந்தைக்குக் கிட்டாமற் போகிறது. கெட்டியான உருண்டையின் ஓரமாகத் தண்ணீர்போல் மலம் கசிந்து உள்ளாடையை நனைக்கிறது.

இக்கசிவே பெருந்துன்பத்துக்கு வாயில். வயிற்றுப்போக்கு என்று கருதிப் போக்கை நிறுத்தும் மருந்து கொடுப்பவர் உண்டு. அடைப்பு அதனால் மேலும் இறுகும். 'இவ்வளவு வயதாகியும் டவுசரில் போகிறாயே' என்று அடிப்பவரும் உண்டு. பள்ளியில் அக்குழந்தைக்குப் பட்டப்பெயர் விழுகிறது. கசிவு அதன் கட்டுப்பாட்டில் இல்லை என்பதை அறிந்தால் எந்தத் தாயும் தந்தையும் கையை ஓங்கமாட்டார்கள்.

இனி, ஒரு நாள் பேதி இந்த வட்டத்தை எங்கே அறுக்கிறது என்று பாருங்கள். வயிறு காலியாகலாம். ஆனால் விரிந்த பை சுருங்கவில்லை, அச்சம் போகவில்லை, வெடிப்பு ஆறவில்லை. சில நாட்களில் வட்டம் மீண்டும் சுழலத் தொடங்கும்.

தாள் கூறும் மருந்துகள்

விளக்கெண்ணெய்: சிறுகுடலில் இவ்வெண்ணெய் பிளவுபட்டு ரிசினோலியிக் அமிலம் வெளிப்படுகிறது. 2012இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், இவ்வமிலம் குடல் தசையிலுள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டுவதை எலிகளில் கண்டறிந்தனர். ஆகவே இது வேலை செய்யாத பொருளன்று. அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும் பொருள். முன்னே கெட்டி உருண்டை அடைத்திருக்கப் பின்னாலிருந்து தசையை விரட்டினால் விளைவது முறுக்கு வலி. பேதி மிகுந்தால் சிறு குழந்தையின் உடல் நீரும் உப்பும் விரைவில் வற்றும்.

இன்னொரு தீங்கு குடலுக்கு வெளியே உள்ளது. அழும் குழந்தையை மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டுவது நம் வழக்கம். அழும்போது மூச்சுக்குழல் திறந்திருக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் கட்டுரை வெளிவந்துள்ளது. எண்ணெய் புகட்டச் சொல்லும் எந்தத் தாளும் அரை வரியிலேனும் இதனை எச்சரிக்க வேண்டாமா?

நிலாவரை: உலகச் சந்தையில் இதன் பெயரே 'தின்னவேலி சென்னா'. நம் தென்மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும் இலை. இதிலுள்ள சென்னோசைடு பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள பாக்டீரியாக்களால் மாற்றமடைந்து தசையைத் தூண்டுகிறது. உண்மையான மருந்துதான். ஆனால் இலைப்பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு மருந்து என்பது விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். 'சிறிதளவு' என்னும் சொல் சமையலுக்குப் பொருந்தும். குழந்தை மருத்துவத்துக்குப் பொருந்தாது.

வெற்றிலைக் காம்பு: கைக்குழந்தையின் ஆசனவாயில் எண்ணெய் தோய்த்த காம்பையோ சோப்புத் துண்டையோ செருகுவது பல வீடுகளில் உண்டு. சில மாதக் குழந்தை பத்து நிமிடம் முக்கி அழுது, பின் இளகிய மலம் கழித்தால் அது மலச்சிக்கலே அன்று. வயிற்றை இறுக்கும்போது கீழ்த்தசையைத் தளர்த்த அது இன்னும் பழகவில்லை, தானே பழகிக்கொள்ளும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாட்களுக்கு ஒருமுறை போனாலும், மலம் இளகியிருந்து குழந்தை நன்றாக வளர்ந்தால் கவலை வேண்டா. காம்பு கற்பிப்பது புண்ணையும், தூண்டினால்தான் போக வேண்டும் என்ற பழக்கத்தையுமே.

தேன்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் பச்சிளங் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். குழந்தைகளிடம் இந்நோய் 1976இல் இனங்காணப்பட்டது. அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று மலச்சிக்கலே! மருந்தாகக் கொடுப்பதே நோய்க்கு வித்தாகும் கொடுமை இது.

விரட்டுதலும் இளக்குதலும்

நறுக்கிய வெள்ளரிப் பிஞ்சில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் நீர் கசிகிறது. கரைபொருள் மிகுந்த பக்கம் நோக்கி நீர் செல்வதே சவ்வூடு பரவல், பாடநூலில் படித்ததுதான். இதனையே குடலுக்குள் நிகழ்த்தும் மருந்துகள் உள்ளன. லாக்டுலோஸ் என்னும் சர்க்கரையை நம் செரிமான நொதிகள் பிளக்க இயலாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பது நீண்ட மூலக்கூறு. உடல் அதனைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் அந்நீரைக் கடைசிவரை பிடித்து வைத்துக்கொள்ளும். மலம் காய்வதற்கு வழியில்லை. இவை தசையை விரட்டுவதில்லை, மலத்தை இளக்குகின்றன.

2018இல் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் குடல்நோய்ப் பிரிவும், குழந்தைகளின் குடல், கல்லீரல் மருத்துவர்களின் இந்தியச் சங்கமும் சேர்ந்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. அடைப்பு இருந்தால் முதலில் பாலிஎத்திலீன் கிளைக்காலால் அதனை நீக்க வேண்டும். பின் தொடர் மருந்தாக, ஒரு வயதுக்கு மேல் அதனையும், ஒரு வயதுக்குள் லாக்டுலோஸ் போன்றதையும் கொடுக்க வேண்டும். தூண்டு மருந்துகள் அவசரத்துக்கு மட்டும். தொடர் மருந்தை நீண்ட காலம் கொடுத்து, முழுப் பயன் கண்டபின் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இவையே அதன் சாரம். அளவை மருத்துவரே எடை பார்த்துக் கூறுவார்.

'மாதக்கணக்கில் கொடுத்தால் பழகிப்போகாதா?' என்று கேட்கலாம். இவ்வச்சத்தினால்தான் பல பெற்றோர் ஒரு வாரத்தில் மருந்தை நிறுத்துகின்றனர். சவ்வூடு பரவலுக்குக் குடல் அடிமையாவதில்லை. குழந்தைக்குத் தேவை, வலியில்லாமல் போன பல நாட்களின் நினைவு. விரிந்த மலக்குடல் தன் அளவுக்குத் திரும்பவும் அந்தக் கால அவகாசம் வேண்டும். எலும்பு முறிந்தால் கட்டை ஒரு வாரத்தில் அவிழ்க்கிறோமா?

விட்டுப்போன வரிகள்

உண்டவுடன் பெருங்குடல் அசைவது இயற்கை. அந்நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் அவசரமின்றி உட்காரச் செய்வது மருந்துக்கு இணையான பயிற்சி. எங்கள் பகுதியில் தாயும் தந்தையும் வேலைக்கு ஓட, குழந்தை பள்ளிக்கு ஓட, காலைப் பொழுது கரைந்துவிடுகிறது. மாலையில் உண்டபின் உட்கார வைத்தாலும் போதும். குந்தி உட்காரும் நம் முறை குடலின் வளைவை நேராக்குவதால் நன்று. நாற்காலி வகைக் கழிப்பறையில் காலுக்கடியில் ஒரு மணை போட வேண்டும். தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத பள்ளிக் கழிப்பறை நாள் முழுதும் அடக்கும் பழக்கத்தைக் கற்பிக்கும். இது வீட்டு வைத்தியத்தால் தீராத காரணம். பெற்றோர் கூட்டத்தில் கேட்டுத் தீர்க்க வேண்டியது. பாலையே உணவாக்கி மற்றவற்றை ஒதுக்கும் குழந்தைக்குப் பாலைக் குறைத்துக் கம்பு, கேழ்வரகு, கீரை, பழம் ஆகியவற்றைக் கூட்டலாம். ஆயினும் உருண்டை அடைத்தபின் நார்ச்சத்து மட்டும் அதனை அகற்றாது.

நாட்காட்டித் தாளில் நான்கு வரிக்குத்தான் இடம் என்றால், அச்சிடுவோர்க்கு இதோ ஒரு வரைவு:

'குழந்தைக்கு மலம் கெட்டியாகி வலித்தால் பேதிக்குக் கொடுக்காதீர், எண்ணெய் புகட்டாதீர், அடிக்காதீர். மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவர் சொன்ன காலம் முழுதும் கொடுங்கள். உண்டபின் தினமும் உட்கார வையுங்கள். பிறந்து இரண்டு நாளாகியும் மலம் போகாமை, வயிறு உப்பல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், எடை ஏறாமை, கால் வலுவின்மை கண்டால் உடனே மருத்துவமனை செல்லுங்கள்.'

மாணவ நண்பர்கள் நாளைக் காலை தாளைக் கிழிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: எந்த வயதுக்கு? எவ்வளவு? எத்தனை நாள்? எப்போது ஆபத்து? விடை இல்லாத குறிப்பை அடுப்படி டப்பாவில் செருக வேண்டா.