கேளாதவர் கதி: ஒஸ்லோ நரகவாதமும் தமிழ் மண்ணின் முன்வினாவும்

1953 சனவரி 25 அன்று நோர்வே நாட்டு வானொலியில் ஊலெ ஹல்லெஸ்பி ஆற்றிய அருளுரை, பின்னர் 'நரகப் போர்' எனப் பெயர் பெற்ற நெடிய வாதத்தைத் தொடங்கிவைத்தது. ஹல்லெஸ்பி ஒஸ்லோவில் நாற்பதாண்டுகளுக்கு மேல் இறையியற் பேராசிரியராக இருந்தவர்; செருமானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் திருச்சபை எதிர்ப்பை முன்னின்று நடத்திச் சிறை சென்றவர். அவர் சொல்லுக்கு நாட்டில் நிறை இருந்தது. மனந்திரும்பாதவர் காலையில் தம் படுக்கையில் விழிப்பாரா நரகில் விழிப்பாரா என்று அறியாமலே இரவில் எங்ஙனம் அமைதியாக உறங்கச் செல்கிறார் என அவர் வினவினார். ஹாமர் பேராயர் கிறிஸ்தியான் ஷெல்தெரூப், முடிவிலாத் தண்டனைக் கோட்பாடு அன்பின் சமயத்திற்கு உரியதன்று என மறுத்துரைத்தார்.

வாதம் விரைவில் சட்டத்தின் கைக்குச் சென்றது. நோர்வே திருச்சபையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றான 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பூர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவு முடிவிலாத் தண்டனையை வலியுறுத்துகிறது. அதனை மறுக்கும் பேராயர் சபைக்கு உட்பட்டவரா என்பதே கேள்வியாயிற்று. அவர் அறிக்கைக்குப் புறம்பாகிவிடவில்லை என 1954இல் அரசுத்துறை முடிவு கூறியது. பதவி காக்கப்பட்டது, இறையியல் வினா நின்ற இடத்திலேயே நின்றது.

அவ்வுரையைத் தமிழ்க்கண் கொண்டு பயில்வார்க்கு முதலில் புலப்படுவது அதில் இல்லாத ஒருவரே. ஹல்லெஸ்பியின் முன்னிலை, திருமுழுக்குப் பெற்றும் மனந்திரும்பாத நோர்வேயர். நற்செய்தியைக் கேட்டும் ஏலாதவர் அவர். ஒருபோதும் கேளாதவர் அவ்வாதத்தின் மையத்தில் இல்லை. இத்தனைக்கும் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1938 டிசம்பரில், சென்னையை அடுத்த தாம்பரத்தில் கூடிய அனைத்துலக மறைபரப்பு மாநாட்டில் இவ்வினாவிற்கு மிக அருகில் நின்றவரும் ஒரு நோர்வேயரே. சீனத்துப் பௌத்தத் துறவியரிடையே பணியாற்றிய கார்ல் லுட்விக் ரைகெல்ட், எல்லா மனிதரையும் ஒளிர்விக்கும் வார்த்தையைப் பேசும் யோவான் நற்செய்தியின் தொடக்கத்தைத் தம் நெறிக்கு அடிப்படையாக்கினார். வெளிப்பாட்டிற்கும் பிற சமயங்களுக்கும் இடையே பிளவையே கண்ட ஹென்ட்ரிக் கிரேமரின் நூல் அம்மாநாட்டை ஆட்கொண்டிருந்தது. அதன் நடுவே ரைகெல்ட்டின் குரல் துணிவுடையது. எனினும் அதற்கும் எல்லையுண்டு. ஒளி கேளாதவரிடத்து முன்னரே உளது. அதன் பெயரை மட்டும் வெளியிலிருந்து வருபவரே சொல்லவேண்டும் என்பதாக அது முடிகிறது.

அவ்வாண்டே சென்னையில் 'இந்தியாவில் கிறித்தவம்: மறுசிந்தனை' எனும் பொருள்படும் ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்ட செஞ்சையா, சக்கரை முதலியோர்க்கு நிலை வேறு. அவ்விருவரும் இந்துக் குடும்பங்களிற் பிறந்து கிறித்தவத்தைத் தழுவியவர்கள். கேளாதவர் என்பார் அவர்கட்குத் தொலைநாட்டார் அல்லர். தம் பாட்டனும் பாட்டியுமே.

இச்சிக்கலின் வேர் ஒரு சொல்லில் உள்ளது. டென்மார்க்கையும் நோர்வேயையும் ஒருங்கே ஆண்ட நான்காம் பிரெடரிக்கின் ஆணையால் 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, 1713இல் அச்சிட்ட சிறுநூலில் தமிழர் சமயத்தை 'அக்கியானம்' என்றார். குற்றத்தை உணர்த்த அவர் தேர்ந்த சொல்லோ அறியாமையைக் குறிப்பது. சைவ சித்தாந்தத்தில் அறியாமை, ஆணவ மலத்தின் மறைப்பு. அருளால் நீங்கும் நோய். அதற்குப் பல பிறவிகளும் உள. எத்தெய்வத்தை வழிபடினும் ஏற்று அருள்பவன் சிவனே எனச் சிவஞான சித்தியார் கொள்ளும். ஆதலின் 'கேளாதவர் கதி என்?' என்னும் வினா அங்கு இவ்வடிவில் எழுவதில்லை. ஒரே பிறவி எனக் கொள்ளுமிடத்தேதான் அது கூர்மை பெறுகிறது. சீகன்பால்குவே தமிழர் ஒரு பரம்பொருளை அறிந்திருந்தமையைத் தம் தெய்வமரபு நூலில் பதிந்தார். அந்நூல் 1867 வரை அச்சேறவில்லை. அச்சேறிய சொல் நிலைத்தது, அச்சேறாத சான்று உறங்கியது.

இன்று ஒஸ்லோவில் வாழும் ஈழத்தமிழரிடையே கத்தோலிக்கரும் சைவரும் அருகருகே வாழ்கின்றனர். ஒரே குடும்பத்தில் இருவரும் இருத்தல் புதுமையன்று. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரும் மீட்படைதல் கூடும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் மொழிந்தது பரந்த உள்ளத்தின் வெளிப்பாடே. ஆயின் அது இச்சைவ முதியவர்க்குப் பொருந்துமா? மகளின் திருமணத்தில் கோயிலுள் அமர்ந்து மறையுரை கேட்டவர் அவர். அறியாதவர் எனல் இயலாது. திருக்குறளின் 'கேள்வி' அதிகாரம் ஒலி செவிப்படுதலையும் கேள்வியால் உள்ளம் பண்படுதலையும் வேறுபடுத்தும். அவ்வேறுபாட்டை இறையியலார் கைக்கொள்வராயின் அவரைக் 'கேளாதவர்' வரிசையில் வைத்தல் கூடும். கைக்கொள்ளாராயின் அவர் கேட்டும் ஏலாதவராகி, 1953இன் வானொலி உரை நேரே சுட்டிய முன்னிலையாகிவிடுகிறார். இறுதிச் சடங்கில் மகள் தந்தைக்காக எம்மன்றாட்டைச் சொல்வாள் என்பது இத்தெரிவைப் பொறுத்தது.