சிவப்புக் கெண்டியும் மண்வாசனையும்

களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மழைக்காலத்தில் ஆறு அள்ளிவரும் சேற்றின் நிறம் கடலுக்குள்ளும் கொஞ்சத்தூரம் தெரியும். ஏறத்தாழ அதே நிறத்தில் ஒரு கெண்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நகோயாவில் பழைய வாகன வியாபாரம் செய்யும் மச்சான் கொண்டுவந்தது. உம்மா அதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எத்தின பேருக்கு மகன் தேத்தண்ணி ஊத்துற?" என்று கேட்டார். இரண்டு சின்னக் கோப்பைக்கு மேல் வராது. மாலையில் வந்த இலக்கிய நண்பர் ஒருவரோ அதை முகத்தருகே கொண்டுபோய், "இதுதான் மண்வாசனை" என்றார். இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லுக்காகவே எழுதப்படுகிறது.

நகோயாவுக்குத் தெற்கே, சித்தா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தொக்கொனாமே என்றோர் ஊர் உண்டு. யப்பானின் பழைய ஆறு சூளை ஊர்களில் ஒன்று. 2005இல் திறக்கப்பட்ட சூபு விமான நிலையம் இவ்வூரின் கடலில்தான் செயற்கைத் தீவாக மிதக்கிறது; மச்சான் விமானம் ஏறுவதும் அங்கிருந்துதான். மெய்ஜி காலத்தில் இவ்வூர் பேர்பெற்றது சுட்ட மண் குழாய்களுக்காக. நகரங்களின் கழிவுநீரைக் கொண்டுபோன குழாய்களும் இந்த நளினமான கெண்டிகளும் அக்கம்பக்கத்துச் சூளைகளில் வெந்தவை. எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு அதுவே முதற் காரணம்.

அவர்கள் இதனைக் 'கியூசு' என்கிறார்கள். பிடி பின்பக்கம் இல்லை. மூக்குக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையச் செங்கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பிடியைப் பற்றி, பெருவிரலால் மூடியை அழுத்தி, மணிக்கட்டை மட்டும் சரித்தால் போதும். உடல், மூடி, மூக்கு, பிடி, உள்ளே வடி என்று ஐந்து உறுப்புகளும் தனித்தனியே செய்யப்பட்டு, பாதி காய்ந்த நிலையில் ஒட்டப்படுகின்றன. ஐந்தும் ஒரே ஈரத்தில் இருக்கவேண்டும். ஒன்று கூடக் காய்ந்திருந்தாலும் சூளையில் பிளந்துவிடும். வடியும் மண்தான், மெல்லிய மண் தட்டில் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திய துளைகள். சுட்டபின் மூடியையும் வாயையும் பொடி இட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துகிறார்கள். நல்ல கெண்டியில் மூடியிலுள்ள சிறு துளையை விரலால் அடைத்தால் மூக்கிலிருந்து விழும் தேநீர் நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது இதுதான் விளையாட்டு. ஊற்றி நிமிர்த்தும்போது கடைசிச் சொட்டு மூக்கின் கீழ் வழிவதில்லை. பீங்கான் தேநீர்ப் பாத்திரங்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய எவருக்கும் இது சின்ன விஷயமன்று.

இனி நண்பரின் சொல்லுக்கு வருவோம். இந்தச் செம்மண் வேலை 'ஷுதெய்' எனப்படுகிறது. சீனத்து யிஷிங் கெண்டிகளைப் பார்த்து, அவைபோலச் செய்யவேண்டும் என்ற ஆசையில் 1850களில் தொக்கொனாமேயில் தொடங்கியது. 1878இல் ஜின் ஷிஹெங் என்ற சீனரை வரவழைத்து யிஷிங் கைமுறையைப் பாடம் கேட்டார்கள். சக்கரத்தில் ஏற்றாமல் மண்ணைத் தட்டித் தகடாக்கிச் சேர்க்கும் முறை அது. அதைக் கற்றபின் தங்கள் சக்கரத்துக்கே பெரும்பாலும் திரும்பிவிட்டார்கள். ஆக, 'சுத்த யப்பானியம்' என்று நாம் வியப்பதன் வேர் வேறொரு நாட்டில் இருக்கிறது. மண்ணாவது அசலா? பழைய வேலைக்கு வயலடியில் தோண்டிய, இரும்புச் சத்துள்ள களி பயன்பட்டது. இன்று பெரும்பாலான கெண்டிகளின் சிவப்பு, மண்ணில் கலக்கப்படும் இரும்பு ஒக்சைட்டிலிருந்து வருவது. நண்பர் முகர்ந்தது எதனை என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதனால் கெண்டி குறைந்துபோய்விடவில்லை என்பதே என் கட்சி. மூக்கு வழியாதிருப்பது மண்ணின் பிறப்பிடத்தால் அல்ல, கையால்.

1960களில் தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற குரல்கள் நம் நாட்டில் எழுந்தபோது அவற்றுக்குத் தேவை இருந்தது. பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கியவர்களுக்கு எதிராக எழுந்த குரல்கள் அவை. அதன் பயனை முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நாமும் அனுபவித்தோம். பிறகு என்ன நடந்தது? 'உம்மா', 'வாப்பா', 'சஹன்', 'கந்தூரி' என்று நாலு சொல்லைத் தூவினால் கதை மண்வாசனை பெற்றுவிட்டதாக மதிப்புரை எழுதுகிறோம். அது இரும்பு ஒக்சைட் சேர்க்கும் வேலை. சேர்ப்பதில் குற்றமில்லை, தொக்கொனாமேக்காரரும் சேர்க்கிறார். மூடி பொருந்துகிறதா என்று அவர் பிறகு பார்க்கிறார். நாம் பார்ப்பதில்லை.

கைவினை பற்றிய சிந்தனையில் யானாகி சோயெட்சு என்ற யப்பானியரின் பெயரைத் தவிர்க்க முடியாது. பெயரற்ற கைவினைஞன் அன்றாடப் பாவனைக்குச் செய்யும் பொருளிலேயே உயர்ந்த அழகு இருக்கிறது என்றவர். 1936இல் ரோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமும் திறந்தார். அவருக்கு முன்பே, 1877இல் கொழும்பில் பிறந்த நமது ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கைவினைஞர்களின் பக்கம் நின்றார். யானாகியில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பெயரின்மையைப் போற்றிய அவ்வியக்கத்தின் குயவர்களே பெரும் பெயர்களானார்கள். ஹமடா ஷோஜி தன் பாத்திரங்களில் கையொப்பமிடுவதை விட்டவர். 1955இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. கவாய் கஞ்சிரோ அக்கௌரவத்தை மறுத்தார். தொக்கொனாமேயின் மூன்றாம் யமடா ஜோஸான், கெண்டி செய்தே 1998இல் அதைப் பெற்றார். பெயர் வந்ததும் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. தேநீர் ஊற்றப்படாத கெண்டியின் மூக்கைப் பற்றி யார் தீர்ப்புச் சொல்வது?

உண்மையில் பெயரற்ற பாத்திரம் நம்மிடம்தான் இருக்கிறது. தயிர்ச் சட்டி. தயிர் முடிந்ததும் அது குப்பைக்கோ கறிவேப்பிலைக் கன்றுக்கோ போகிறது. கண்டி வீதியில் மொலகொடைக் கடைகளின் முன்னால் குவிந்திருக்கும் சட்டி பானைகளைச் செய்தவர் யாரென்று நாம் கேட்டதில்லை. அந்தப் பெயரின்மையில் அழகைவிட விலைக்குறைவே எனக்குத் தெரிகிறது. யானாகி இதனை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசிப்பதுண்டு.

தேயிலையும் களியும் உள்ள நாட்டில் மண் தேநீர்க் கெண்டி ஏன் பிறக்கவில்லை? தேயிலை நம்மிடம் குடிபானமாக வரவில்லை, ஏற்றுமதிப் பெட்டியாக வந்தது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கி, 1883இல் கொழும்பில் ஏலம் வந்து, நல்ல இலை கப்பலேறியது. கொய்தவருக்கும் நமக்கும் தூள் மிஞ்சியது. தூளுக்கு வேண்டியது கொதிநீர்க் கேத்தலும் துணி வடியும்.

கியூசுவில் நான் முதலில் போட்டதும் அந்தத் தூளைத்தான். வடி அடைத்துக்கொண்டது, தேநீர் மூக்குக்கு வரவேயில்லை. பிறகு முழு இலை வாங்கிப் போட்டேன். நிறம் குறைவு, வாசம் அதிகம். உம்மா ஒரு மிடறு குடித்து, "சாயம் காணாது" என்று சொல்லிவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைத்தார்.