சிறுநீரக உணவும் பசி குன்றிய நாயும்

முதிய நாய்களைப் பரவலாகத் தாக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு, அதாவது சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் மெல்ல மெல்லக் குறைந்து மீளாத நிலையை அடையும் நோய்க்கு, கால்நடை மருத்துவம் முதன்மையாகப் பரிந்துரைப்பது உணவு மாற்றத்தையே. பாஸ்பரஸையும் உப்பையும் குறைத்து, புரதத்தை அளவோடு நிறுத்தி, ஒமேகா-3 கொழுப்பைக் கூட்டித் தயாரிக்கப்படும் இவ்வுணவின் தொடக்கம், 1939-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் மார்க் மாரிஸ், பார்வையற்றவர் ஒருவரின் வழிகாட்டி நாய்க்காக வகுத்த உணவில் இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுற்ற 38 நாய்கள் இரு பிரிவாக்கப்பட்டு இரண்டாண்டு வரை கவனிக்கப்பட்டபோது, சிறுநீரக உணவை உண்டவற்றுக்கு நெருக்கடி நிலை தாமதமாகவே வந்தது. அவை கூடுதல் காலம் வாழவும் செய்தன. இவ்வளவு தெளிவான சான்று கால்நடை உணவியலில் அரிது என்பதால், இம்முறையின் பயனை ஐயுற இடமில்லை.

ஆயினும் அப்பயன் முழுவதும் நாய் அதை உண்பதைப் பொறுத்தது. உண்ணும் விருப்பத்தை முதலில் பறிப்பதோ அந்நோயே. வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவுகள் மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகின்றன. வாயில் புண்களும் தோன்றக்கூடும். நேற்று விரும்பித் தின்றதை இன்று முகர்ந்துவிட்டு விலகும் நாயைப் பிடிவாதம் பிடிப்பதாக வீட்டார் கருதுவது அந்த நாய்க்கு இழைக்கப்படும் அநீதியாகும். போதிய உணவின்றி நாள்கள் கழியும்போது உடல் தன் தசைகளையே சிதைத்து ஆற்றல் பெறுகிறது. அச்சிதைவிலிருந்து பிறக்கும் நைட்ரஜன் கழிவும் இரத்தத்தில்தான் சேர்கிறது. எனவே புரதச் சுமையைத் தவிர்க்கக் கொடுத்த உணவு தட்டிலேயே கிடந்தால், அச்சுமை வேறு வழியில் உடலுக்குள் நுழைந்துவிடுகிறது. நோயில்லாத முதிய நாய்க்கும் வயதை மட்டும் காரணம் காட்டி இறைச்சியைக் குறைக்கும் வழக்கமும் தவறானது. முதுமையில் தசையைக் காக்கப் புரதம் தேவை.

சிறுநீரக உணவு முறையின் பெருங்குறை உணவின் கலவையைவிட, அது தொடங்கப்படும் தருணத்தில்தான் இருக்கிறது. நோய் கண்டறியப்பட்ட அன்றே, சிரைவழி நீர்மம் ஏற்றப்படும் மேசையருகிலேயே, புதிய உணவு நாயின் முன் வைக்கப்படுகிறது. குமட்டலோடு சேர்ந்து அறிமுகமான சுவையை விலங்கு பின்னர் நெடுங்காலம் வெறுக்கும் என்பதை, கதிர்வீச்சுக்கு உட்பட்ட எலிகள் இனிப்பு நீரை வெறுத்ததைக் கொண்டு ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் 1955-இலேயே காட்டினர். ஆகவே மாரோபிடன்ட் போன்ற மருந்தால் குமட்டலை முதலில் அடக்கி, பின்னரே பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து சில வாரங்களில் மாற்றுவதே முறை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனைப் போலச் செயல்படும் கேப்ரோமோரெலின் 2016-இல் அமெரிக்காவில் நாய்களுக்கு ஒப்புதல் பெற்றது. எனினும் குமட்டலைத் தணிக்காமல் பசியை மட்டும் தூண்டினால், உணவின் அருகே வந்தும் உண்ண இயலாத நிலையே நேரும்.

உண்ண மறுக்கும் நாய்க்கு ஈரலையோ கருவாட்டையோ கலந்து ஆசை காட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்வன்பு மெய்யானது, ஆனால் ஈரல் பாஸ்பரஸ் மிகுந்தது, கருவாடு உப்பு மிகுந்தது. உணவை வெதுவெதுப்பாக்கி மணத்தைக் கூட்டுவது தீங்கற்ற மாற்று. சிரிஞ்சால் வாயில் வலிந்து ஊற்றுவதோ, வெறுப்பை வளர்ப்பதோடு, சோர்ந்த நாயின் மூச்சுக்குழாயில் உணவு புகும் ஆபத்தையும் உடையது. கழுத்துவழியே உணவுக்குழாயில் பொருத்தப்படும் செயற்கைக் குழாய் பார்ப்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும், உணவு, நீர், மருந்து மூன்றையும் போராட்டமின்றிச் செலுத்த உதவுவதால் வலிந்து ஊட்டுவதைவிட இரக்கமானது. நோய் இறுதிக் கட்டத்தை எட்டி, நாய் கோழியும் சோறும் தவிர வேறெதையும் தொடாதபோது, அதையே கொடுப்பது பொருத்தமாகும். சிறுநீரக உணவை எழுதிக் கொடுக்கும் மருத்துவர், எந்த நிலையில் அதைக் கைவிடலாம் என்பதையும் அன்றே வீட்டாரிடம் சொல்லிவைப்பது அவசியம். அது சொல்லப்படாத வீடுகளில், விதியை மீறுகிறோமோ என்ற அச்சத்தில், நாய் விரும்பித் தின்னக்கூடிய கடைசி உணவும் மறுக்கப்படுகிறது.